நோட்டில் இல்லாத கட்டம்: பள்ளத்தூர் பெரியவரின் 12 லட்சம்

காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. ஒரு ஜூன் மாதம், வருமான வரிக்கான காகிதங்களை வாங்கி வரப் பள்ளத்தூருக்குப் போயிருந்தபோது இந்த விஷயம் என் கைக்கு வந்தது. பெரியவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளும் நிறுவனமும் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் மாற்றி முழு எண்ணாக்கியிருக்கிறேன். விகிதங்களில் கை வைக்கவில்லை.

பணம் வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். அவர்களுடைய பூர்வீக வீட்டுக்குப் பதினொரு புள்ளி, அதாவது பதினொரு குடும்பம், பங்கு. பராமரிக்க ஆளில்லாமல் ஓடு சரிந்து, இரண்டாம் கட்டில் மழை இறங்க ஆரம்பித்ததும் பங்காளிகள் கூடிப் பேசி விற்றுவிட்டார்கள். பர்மா தேக்குத் தூண்களும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போயின. எல்லாம் போகப் பெரியவர் பங்குக்கு வந்தது 12 லட்சம். அந்த 12 லட்சத்தையும் அவர் ஒரே ஒரு நிறுவனத்தின் பங்கில் போட்டிருந்தார்.

வாங்கிய பங்குகளைக் கணினியில் வைத்திருக்கும் டிமேட் கணக்கின் அறிக்கையில் அந்த ஒற்றை வரியைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் அவர் யாரோ வாட்ஸ்அப்பில் சொன்னதைக் கேட்டு வாங்கிய ஆள் இல்லை. மேசை டிராயரிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே 31 நிறுவனங்கள். ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு காலாண்டுகளின் விற்பனை, நிகர லாபம், ஒரு பங்குக்கான சம்பாத்தியம், முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்ட வளர்ச்சி சதவீதம். எல்லாம் நீல மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல். முடிவு வெளியான அன்று இரவே பங்குச் சந்தையின் தளத்துக்குப் போய், பிடிஎஃப்பைத் திறந்து எழுதிவிடுவார். இவ்வளவு ஒழுங்காகக் கம்பெனி முடிவுகளைப் பின்தொடரும் மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுதவே தோன்றியது. சோம்பேறித்தனத்தால் வந்த தப்பு என்றால் ஒரு வரியில் முடிந்துவிடும்.

அவர் வாங்கிய நிறுவனம் பல மாநில அரசுகளின் குடிநீர், பாசனத் திட்டங்களுக்குக் குழாயும் பம்பும் பொருத்திக் கொடுக்கும் நடுத்தர நிறுவனம். நோட்டில் இருந்தபடி மூன்று ஆண்டுகளின் விற்பனை 400 கோடி, 520 கோடி, 680 கோடி. நிகர லாபம் 32 கோடி, 47 கோடி, 66 கோடி. விற்பனை ஆண்டுக்கு 30 சதவீதமும் லாபம் 40 சதவீதத்துக்கு மேலும் ஏறுகிறது. இரண்டாம் ஆண்டு முடிந்த பிறகுதான் வீட்டுப் பணம் கைக்கு வந்தது. ஆகஸ்டில் 210 ரூபாய்க்கு 2,000 பங்கு, நவம்பரில் 240 ரூபாய்க்கு 1,500, பிப்ரவரியில் 280 ரூபாய்க்கு 1,500. மொத்தம் 5,000 பங்கு, சராசரி 240. நான் போன ஜூனில் விலை 310. அவர் முகத்தில் தெளிச்சி இருந்தது.

"என்ன தம்பி, தப்பா வாங்கியிருக்கேனா?" என்று கேட்டார்.

வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று சொல்வது என் வேலை இல்லை. அது பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகரின் வேலை, எல்லையைத் தாண்டக் கூடாது. ஆனால் கணக்கைப் படித்துக் காட்டலாம். "மே மாத முடிவை முழுசா எறக்கியிருக்கீங்களா, ஐயா?" என்று கேட்டேன். இறக்கியிருந்தார். முதல் இரண்டு பக்கம் நசுங்கியிருந்தது. நான்காம், ஐந்தாம் பக்கங்கள் மடிப்புக் கலையாமல் இருந்தன.

ஆகஸ்டும் பிப்ரவரியும் சொல்லாத கதை

செபி விதிப்படி, பட்டியலிடப்பட்ட நிறுவனம் காலாண்டு முடிந்த 45 நாளுக்குள் கணக்கை வெளியிட வேண்டும். மார்ச்சோடு முடியும் முழு ஆண்டுக்கு மட்டும் 60 நாள். அதனால்தான் ஆகஸ்ட் 14, நவம்பர் 14, பிப்ரவரி 14, மே 30 ஆகிய தேதிகளில் கடைசி நாள் கூட்டம் அலைமோதும். ஆனால் நான்கு முடிவுகளும் ஒரே மாதிரி இருக்காது. சொத்தும் கடனும் எவ்வளவு என்று காட்டும் பேலன்ஸ் ஷீட்டும், கேஷ் ஃப்ளோ என்று சொல்லும் ரொக்க ஓட்ட அறிக்கையும் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வெளியிட்டாக வேண்டும். செப்டம்பர் கணக்கோடு ஒரு முறை, மார்ச் கணக்கோடு ஒரு முறை. ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் லாப நட்டக் கணக்கு மட்டும் வந்தால் போதும்.

பெரியவர் வாங்கிய மாதங்களைத் திரும்பப் பாருங்கள். ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி. மூன்றில் இரண்டு முறை அவர் பார்த்தது பேலன்ஸ் ஷீட் இல்லாத முடிவை. நவம்பரில் பேலன்ஸ் ஷீட் இருந்தது, ஆனால் அதை எழுத அவர் நோட்டில் கட்டம் இல்லை.

மடிப்புக் கலையாத பக்கங்களைப் பிரித்தோம். வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி முதல் ஆண்டு முடிவில் 110 கோடி, இரண்டாம் ஆண்டில் 200 கோடி, மூன்றாம் ஆண்டில் 335 கோடி. இதை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால் பாக்கி வசூலாக எத்தனை நாள் ஆகிறது என்று தெரியும். 100 நாள், 140 நாள், 180 நாள்.

அடுத்த பக்கத்தில் ரொக்க ஓட்டம். தொழிலிலிருந்து நிஜமாகவே கைக்கு வந்த பணம் முதல் ஆண்டு 27 கோடி, இரண்டாம் ஆண்டு 6 கோடி. மூன்றாம் ஆண்டில் வரவே இல்லை, 41 கோடி வெளியே போயிருந்தது. பெரியவர் கால்குலேட்டர் இல்லாமல் தானே கூட்டினார். மூன்று வருட லாபம் 145 கோடி. மூன்று வருடத்தில் தொழில் கொடுத்த ரொக்கம் மைனஸ் 8 கோடி.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முப்பது வருடம் வங்கியில் கடன் மனுக்களைப் படித்த மனிதர் அவர். இதை அவருக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை. "லோன் கேட்டு வந்திருந்தா இந்தப் பக்கத்தைத்தான் முதல்ல பிரிச்சிருப்பேன்," என்றார் மெதுவாக. அந்த வாக்கியத்தில்தான் இந்த வழக்கு முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடன் கொடுக்கும்போது வசூல் வருமா என்று பார்த்த அதே கண், பங்கு வாங்கும்போது லாபம் வளர்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறது.

இதில் நிறுவனம் பொய் எழுதியது என்று அர்த்தம் இல்லை. 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் கணக்குத் தரம் 115இன்படி, வேலையை முடித்து ஒப்படைக்கும் அளவுக்கு வருவாயை எழுதிக்கொள்ளலாம். பணம் வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மார்ச் 28ஆம் தேதி குழாய் இறங்கினால் விற்பனை, விற்பனை என்றால் லாபம். காசோலை எப்போது வரும் என்பது வேறு கதை. அதை வேறு பக்கத்தில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

வளரும் தொழிலில் பாக்கியும் வளரத்தானே செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரியவரும் கேட்டார். அதற்கும் கணக்குப் போட்டோம். பழைய 100 நாள் பழக்கமே தொடர்ந்திருந்தால் 680 கோடி விற்பனைக்கு 186 கோடி பாக்கி இருக்கலாம். இருப்பதோ 335. கூடுதலாகச் சிக்கியிருப்பது 149 கோடி. கடைசி இரண்டு வருட லாபத்தைக் கூட்டினாலே 113 கோடிதான் வருகிறது. ஆக இரண்டு வருட லாபமும் அதற்கு மேலேயும் யாரோ தர வேண்டிய பாக்கியாக வெளியே நிற்கிறது. இடைவெளியை நிரப்பியது வங்கிக் கடன். குறுகிய காலக் கடன் 40 கோடியிலிருந்து 160 கோடிக்கு ஏறியிருந்தது.

நாள் கணக்கை வைத்து எல்லா நிறுவனத்தையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோப்பும் பிஸ்கட்டும் விற்பவர்களுக்குச் சில நாட்களில் காசு வந்துவிடும். மென்பொருள் நிறுவனங்களுக்கு இரண்டு மூன்று மாதம் சாதாரணம். அரசு ஒப்பந்தம் செய்பவர்களுக்கு அதற்கும் மேலே. 180 என்ற எண் மட்டும் என்னைப் பயமுறுத்தவில்லை. 100, 140, 180 என்ற ஏற்றம்தான் பயமுறுத்தியது.

ஆச்சி கேட்டது

நாங்கள் பேசிக்கொண்டிருந்த வளவுக்குப் பக்கத்தில் பெரியவரின் மனைவி ஆச்சி தேன்குழல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை செய்து சென்னைக்கு அனுப்புகிறார்கள். கணக்கெல்லாம் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில். இடது பக்கம் யாருக்கு எத்தனை கிலோ போனது, வலது பக்கம் காசு வந்தால் ஒரு டிக். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அந்தக் கம்பெனிக்காரனுக்குக் காசு தர வேண்டியது யாரு?" என்று கேட்டார்கள்.

"கவர்மெண்டு, ஆச்சி. ரெண்டு மூணு மாநிலம்."

"எத்தனை நாளாத் தரல?"

அந்தக் கேள்விக்கு மே மாதத் தாள்களில் விடை இல்லை. ஆண்டறிக்கையில் இருக்கும். 2021-22 நிதியாண்டிலிருந்து, நிறுவனங்கள் சட்டப்படி தங்கள் பாக்கியை வயது வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்டது, ஆறு மாதம் முதல் ஒரு வருடம், ஒன்று முதல் இரண்டு வருடம், இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல். சிறு முதலீட்டாளருக்குக் கிடைத்த பெரிய உதவி இந்த அட்டவணை. ஆனால் பலர் ஆண்டறிக்கையில் தலைவர் உரையையும் படங்களையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

ஆண்டறிக்கை வர ஆகஸ்ட் ஆகும். அதுவரை காத்திருக்காமல் அன்றே பார்க்கக் கூடிய இரண்டைப் பார்த்தோம். ஒன்று, கடன் தர நிர்ணய நிறுவனத்தின் குறிப்பு. கிரிசில், இக்ரா, கேர் போன்றவை தாங்கள் மதிப்பிடும் நிறுவனங்களைப் பற்றி எழுதும் விளக்கம் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கிறது. சுற்றி வளைக்காமல் எழுதுவார்கள், ஏனென்றால் படிப்பவர் கடன் கொடுக்கிறவர். இந்த நிறுவனத்தின் குறிப்பில், வங்கி கொடுத்த கடன் வரம்பில் 90 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று இருந்தது. இரண்டு, முடிவுக்குப் பிறகு நிர்வாகம் முதலீட்டாளர்களோடு பேசும் கான்-கால். அதன் எழுத்து வடிவத்தில் வசூல் பற்றி மூன்று ஆண்டும் கேள்வி வந்திருக்கிறது. முதல் ஆண்டு "வழக்கம்போல் வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். இரண்டாம் ஆண்டு "அடுத்த காலாண்டில் வந்துவிடும்" என்றார்கள். மூன்றாம் ஆண்டு "தேர்தலால் தாமதம்" என்று பதில். மூன்று பதிலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் விஷயம் புரிகிறது. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே படும்.

பேரேடு

அன்றைக்குப் பெரியவர் எழுந்து உள்ளே போய், பெட்டகத்திலிருந்து துணியில் சுற்றிய பேரேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் மேலாளாக இருந்தவர். மூன்று வருடக் கணக்குக்குப் போய், கணக்கு முடித்துத் திரும்பி வருவதுதான் அப்போதைய வழக்கம். தலைப்பில் சிவமயம். ஒவ்வொரு பேருக்கும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். கடைசியில் ஐந்தொகை. இன்றைக்கு நாம் பேலன்ஸ் ஷீட் என்று சொல்வதைத்தான் அவர்கள் ஐந்தொகை என்றார்கள். ஓரிடத்தில் மை மங்கிய வரிகளை விரலால் தொட்டுக் காட்டினார். வட்டி சேர்ந்துகொண்டே போகிறது, எதிர்ப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. அப்புறம் ஒரு வரி: கடனுக்கு ஈடாக நிலம் வரவு.

இது அந்த ஒரு கடையின் கதை மட்டுமில்லை. 1930இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் சுமார் 6 சதவீதம், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களிடம் இருந்தது. உலகப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் விவசாயிகள் நிலத்தை விட்டதால் 1937-38க்குள் அது 25 சதவீதமாகிவிட்டது. ஏட்டைப் பார்த்தால் சொத்து பெருகியிருக்கிறது. ஆனால் ஊருக்கு அனுப்பப் பணம் இல்லை. நிலம் வாங்க இவர்கள் கடல் கடந்து போகவில்லை, வசூலாகாத கடன்தான் நிலமாக மாறி வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது. அந்த 25 சதவீதமும் கைவிட்டுப் போயிற்று. பர்மாவில் நிலத்தை இழந்த விவசாயியின் துயரம் அதைவிடப் பெரியது என்பதையும் மறக்கக் கூடாது.

"ஏட்டுல வட்டி வரவு ஒரு வருஷம் கூடக் கொறையல தம்பி. காசுதான் வரல," என்றார் பெரியவர். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது

அந்த வாரமே அவர் பாதியை, 2,500 பங்கை, 300 ரூபாய்க்கு விற்றார். கையில் 7.5 லட்சம் வந்தது. மீதியை ஏன் வைத்துக்கொண்டார்? மார்ச் கடைசியில் போட்ட பில்களுக்கு ஏப்ரல், ஜூன் மாதங்களில் பணம் வந்துவிடும் என்று நம்பினார். நம்பக் காரணமும் இருந்தது. ஆண்டு விற்பனை 680 கோடியில் 270 கோடி ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நடந்தது. கடைசிக் காலாண்டில் இவ்வளவு குவிந்தால் மார்ச் 31 அன்று பாக்கி வழக்கத்தைவிடப் பெரிதாகத்தான் தெரியும். அதனால் அவருடைய முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆகஸ்டில் ஆண்டறிக்கை வந்ததும் ஆச்சியின் கேள்விக்கு விடை கிடைத்தது. 335 கோடியில் ஆறு மாதத்தைத் தாண்டிய பாக்கி 120 கோடி. முந்தைய ஆண்டில் அது 45 கோடிதான். 120இல் 48 கோடி ஒரு வருடத்தையும் தாண்டியது. இவ்வளவுக்கும் வராக்கடனுக்கென்று ஒதுக்கி வைத்தது வெறும் 4 கோடி. கடைசிக் காலாண்டின் குவியல்தான் காரணம் என்றால் பாக்கி இளசாக இருந்திருக்க வேண்டும். இது முற்றிய பாக்கி.

இன்னொன்றும் அதில் இருந்தது, அது ஜூனில் நானும் கவனிக்காமல் விட்டது. வேலை முடிந்து இன்னும் பில் போடாத தொகை 58 கோடி, பாக்கியோடு சேராமல் "இதர நடப்புச் சொத்து" என்ற தலைப்பின் கீழ் தனியாக உட்கார்ந்திருந்தது. அந்த வரி மே மாதத் தாளிலேயே இருந்தது. பாக்கி என்ற பெயரை மட்டும் தேடியதால் என் கண்ணில் படவில்லை. இரண்டையும் சேர்த்தால் 393 கோடி, 211 நாள். ஜூனில் நான் 180 என்று சொல்லாமல் 211 என்று சொல்லியிருந்தால் பெரியவர் பாதிக்கு மேல் விற்றிருப்பாரோ என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை விடவில்லை. ஒப்பந்த வேலை செய்யும் எந்த நிறுவனத்தின் கணக்கை எடுத்தாலும் இப்போது முதலில் அந்த வரியைத்தான் தேடுகிறேன்.

ஆகஸ்டில் நான் போன் செய்து சொன்னேன். விலை அப்போது 265. "நவம்பர்ல பேலன்ஸ் ஷீட் வரும்ல, அதையும் பாத்துருவோம்," என்றார். செப்டம்பர் கடைசியில் கடன் தரம் இரண்டு படி குறைக்கப்பட்டது. நவம்பரில் அரையாண்டுக் கணக்கு கடைசி நாள் இரவில் வந்தது. வராக்கடனுக்கு 94 கோடி ஒதுக்கி நட்டம் காட்டியிருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து வாங்க ஆளில்லாமல் பங்கு தினமும், ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட கீழ் வரம்பில் பூட்டிக்கொண்டது. அவரால் விற்க முடிந்தபோது விலை 118. மீதி 2,500 பங்குக்கு 2.95 லட்சம்.

மொத்தம் 12 லட்சம் போட்டு 10.45 லட்சம் திரும்பியது. தரகும் வரியும் போகாமல் 1.55 லட்சம் நட்டம். ஜூனில் அந்த நான்காம் பக்கத்தைப் பிரிக்காமலே இருந்திருந்தால் 5,000 பங்கும் 118க்குப் போய் 6.1 லட்சம் நட்டமாகியிருக்கும். ஆகஸ்டில் வயது அட்டவணையைப் பார்த்ததும் 265க்கு மீதியை விற்றிருந்தால் கையில் 14 லட்சத்துக்கு மேல் இருந்திருக்கும்.

விலை விழுந்ததற்கு நவம்பர் முடிவுதான் காரணம் என்று டிவியில் சொன்னார்கள். நவம்பரில் புதிதாக எதுவும் நடக்கவில்லை என்பது என் எண்ணம். 2 வருடத்துக்கு முன் போட்ட பில்லின் பணம் வராது என்பதை அன்று ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பில்லை வைத்துத்தான் 47 கோடி லாபம் என்று எழுதியிருந்தார்கள், பெரியவர் 210 ரூபாய் கொடுத்தார்.

பிப்ரவரி மாதம் வேறு வேலையாகப் பள்ளத்தூர் போனபோது பெரியவர் புது நோட்டைக் காட்டினார். 31 நிறுவனங்கள் இப்போது ஒன்பதாகிவிட்டன. முழுக் கணக்கையும் படிக்க நேரம் வேண்டுமே. விற்பனை, லாபம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் மூன்று புதுக் கட்டங்கள்: பாக்கி, பில் போடாதது, கைக்கு வந்தது. எந்த நிறுவனத்திலும் 2 லட்சத்துக்கு மேல் போடுவதில்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தார், கீழே ஒரு கையெழுத்தும் இருந்தது. கையெழுத்து ஆச்சியுடையது.

டிசம்பர் காலாண்டு முடிவுகள் வந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரு நிறுவனத்தின் லாபம் 52 சதவீதம் ஏறியிருந்தது, நீல மையில் எழுதியிருந்தார். பக்கத்தில் சிவப்புக் கட்டங்கள் மூன்றும் காலியாக இருந்தன. அவற்றின் குறுக்கே பென்சிலால், லேசாக, "மே" என்று எழுதியிருந்தார்.